2147483647: நகைக்கடையில் நின்றுபோன தொகை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து நாலு வருடம் இருக்கும். ஒரு இரவு கடை பூட்டும் நேரம் முதலாளி ஃபோன் எடுத்தார். "தம்பி, மூண்டு நாளா இருப்பு ஒரே தொகையில நிக்குது. இண்டைக்கும் சாமான் இறக்கினனான், ஒரு சதமும் ஏறேல்லை."

தொகையை வாசிக்கச் சொன்னேன். இரண்டு கோடியே பதினாலு இலட்சத்து எழுபத்துநாலாயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு ரூபாய், நாற்பத்தேழு சதம். சதத்துக்கு வந்ததும் எனக்கு வயிறு கலங்கியது. புள்ளியை எடுத்துவிட்டால் 2147483647.

பணத்தைச் சதமாக்கி முழு எண்ணாகச் சேமிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு நான் ஒதுக்கியது 32 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கிற 32 இடம். கூட்டல், கழித்தல் குறிக்கு ஒன்று போக மிச்சம் 31, ஆகவே 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைந்ததுதான் உச்சம். தரவைச் சேமிக்கிற பழைய மைஎஸ்கியூஎல் மென்பொருளில், எல்லை மீறினால் பதிய மறுக்கும் கண்டிப்பு முறையையும் நானே நிறுத்தி வைத்திருந்ததால், அது பிழை என்று கத்தாமல் உச்ச எண்ணையே பேசாமல் பதிந்துகொண்டிருந்தது. பவுண் விலை இப்படி ஏறும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மோட்டார் சைக்கிளில் போய், பாதி இறக்கின ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தேன். கணக்குத் தரவைப் பிரதி எடுத்து முடியும் வரை சும்மா இருக்க ஏலாமல் ஒரு பில்லின் பின்பக்கத்தில் அந்த எண்ணை வகுத்துப் பார்த்தேன். இலக்கங்களின் கூட்டுத்தொகை 46, ஆக 3ஆல் பிரிபடாது. மூன்று மூன்றாக வெட்டி 647 − 483 + 147 − 2 என்று போட்டால் 309. அது 7, 11, 13 எதாலும் பிரிபடாததால் பெரிய எண்ணும் பிரிபடாது. (1001 = 7 × 11 × 13 என்பதுதான் சூட்சுமம், டியூட்டரியில் படித்தது.) 17இலும் மிச்சம் வந்தது, விட்டுவிட்டேன்.

பிறகுதான் தேடி வாசித்தேன்: அது 1ஆலும் தன்னாலும் மட்டுமே பிரிபடும் முதன்மை எண். 1772இல் கணித மேதை ஆய்லர் காட்டியிருக்கிறார், அதுவும் கண்பார்வை ஏறக்குறைய போன காலத்தில். காரணி தேட வர்க்கமூலம் மட்டும், அதாவது 46,340 வரைக்கும் போனால் போதும்; அதற்குள் இருக்கிற முதன்மை எண்கள் நாலாயிரத்துக்கு மேல், அவ்வளவையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. காரணி ஏதும் இருந்தால் அது 248ஆல் வகுக்கும்போது மிச்சம் 1 அல்லது 63 வரும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும், 372 வகுத்தலுக்குள் அலுவல் முடியும். இவ்வளவு காலமும் பிழைச் செய்தியில் மட்டும் கண்டு சபித்த எண் இது.

நான் மாற்றிப் போட்ட 64 பிட்டின் உச்சம் 9223372036854775807. பார்க்கத்தான் பயங்கரம், 7ஆல் அப்படியே பிரிபடும். 63 என்ற அடுக்கு 3ஆல் பிரிவதால், 2இன் 3ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த அந்த 7 அதற்குள் வந்தே தீரும்.

"இனி எவ்வளவு மட்டும் போகும்?" என்று முதலாளி கேட்டார். பில்லில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இலக்கங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனவர் பாதியில் நிறுத்தி, "சரி, முதல்ல இண்டைக்கு இறக்கின காப்புகளைப் பதியும்" என்றார்.