வீடியோவா, படமா, வெறும் குரலா?

ஊடகம் பாடத்தைச் சுமந்துவரும் வண்டி மட்டுமே என்று 1983-ல் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் எழுதினார். இன்னொரு ஆய்வாளர் ராபர்ட் கோஸ்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை; ஊடகமும் கற்றலை மாற்றும் என்றார். வகுப்பில் இரண்டும் பாதிப் பாதி உண்மை.

இதயப் பாடத்தையே எடுங்கள். வால்வு திறந்து மூடுவதற்கு அனிமேஷன். நான்கு அறைகளைக் காட்ட அசையாத படமே போதும். பெயர்களை அந்தந்த அறைக்குள்ளேயே எழுதுங்கள். கீழே 1, 2 என்று பட்டியல் போட்டால் கண் மேலும் கீழும் அலையும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: குரலில் சொல்வதையே திரையிலும் வரிக்கு வரி ஓட்டுவார்கள். வாசிப்பு வேகமும் கேட்கும் வேகமும் ஒன்றல்ல; படத்தைப் பார்க்க வேண்டிய கண் எழுத்தில் மாட்டிக்கொள்ளும். காது கேளாதவர்களுக்கும் மொழி புதிதானவர்களுக்கும் வசனவரி கட்டாயம் வேண்டும். ஆகவே வேண்டியவர் போட்டுக்கொள்ளும்படி வையுங்கள். சூத்திரங்களைக் குரலோடு விடாதீர்கள், திரையில் நிற்கட்டும்.