போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட விருந்தாளி

பத்து நாள் என்று சொல்லி வந்தவர் எட்டு மாதமாகியும் நகரவில்லை. வாடகையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இந்த நிலையில் வீட்டுக்காரர்கள் முதலில் செய்வது பூட்டை மாற்றுவதும் கரண்டைத் துண்டிப்பதும்தான். தயவுசெய்து வேண்டாம். அவர் சாமானைத் தெருவில் வைத்த மறுநாளே உங்கள்மேல் போலீஸ் புகாரும், தடையாணை கேட்டு வழக்கும் வரும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

சட்டப்படி அவர் வாடகைதாரர் இல்லை, உங்கள் அனுமதியின் பேரில் தங்கியவர். 1882ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தின் (அடுத்தவர் சொத்தைப் பயன்படுத்தும் உரிமை, அனுமதி பற்றிய சட்டம்) 60ஆவது பிரிவுப்படி அந்த அனுமதியை நீங்கள் திரும்பப் பெறலாம். சும்மா தங்கியவருக்கு எத்தனை வருஷம் இருந்தாலும் உரிமை வராது என்று 2012இல் மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இந்தப் பலத்தைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் நாம்தான். பாவம் என்று ஜிபேயில் மாதம் ஆயிரம் வாங்குகிறோம். அவர் அதில் "ரூம் ரெண்ட்" என்று குறிப்பு எழுதி அனுப்புகிறார். அந்த ஒரு வரியை வைத்து நான் வாடகைதாரர் என்று வாதாடுவார். அப்படிப் பணம் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். வீட்டு முகவரியில் ஆதார், கேஸ் இணைப்பு மாற்ற ஒப்புதல் கொடுக்காதீர்கள். அவர் செலவில் பாத்ரூம் கட்டவும் விடாதீர்கள். உங்கள் அனுமதியை நம்பிப் பணம் போட்டு நிரந்தரமாக ஏதாவது கட்டியிருந்தால், அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று அதே 60ஆவது பிரிவே சொல்கிறது.

அடுத்து நோட்டீஸ். வக்கீல் மூலம் அனுப்புவது நல்லது. "இன்ன தேதியில் உறவினர் என்ற முறையில் வாடகையின்றித் தங்க அனுமதித்தேன். அந்த அனுமதியை இன்றுடன் திரும்பப் பெறுகிறேன். 30 நாளில் பொருட்களுடன் காலி செய்யவும்" – சாரம் இவ்வளவுதான். காலி செய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும் என்பது 63ஆவது பிரிவு. ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். கையோடு கோர்ட்டில் கேவியட் மனுவும் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே கொடுப்பது) போட்டுவிடுங்கள். 90 நாளைக்கு, உங்களைக் கேட்காமல் அவர் தடையாணை வாங்க முடியாது. பலர் செய்யாமல் விட்டுவிடும் வேலை இது.

கெடு முடிந்ததும் தாமதிக்காமல் வழக்குப் போடுங்கள். வெளியேற்றும் கட்டளை, நோட்டீஸ் கெடு முடிந்த நாளிலிருந்து இழப்பீடு இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனால், சுவாதீனம் (வீட்டை உங்கள் வசம் ஒப்படைப்பது) கேட்டு முழுக் கோர்ட் கட்டணத்துடன் வா என்பார்கள்.

தங்கியிருப்பவர் பெற்ற மகனோ மகளோ, வீட்டுக்காரர் 60 வயது தாண்டியவர் என்றால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மருமகள் என்றால் கதை வேறு: குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்குக் குடியிருக்கும் பாதுகாப்பு தருகிறது, வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

தீர்ப்பு வந்தும் போகாவிட்டால், அதை நிறைவேற்றித் தரக் கேட்டு நிறைவேற்று மனு. கோர்ட் அமீனா (உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) வந்து, தேவைப்பட்டால் போலீஸ் துணையோடு, வீட்டை ஒப்படைப்பார். உள்ளே கிடக்கும் சாமான்களுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பூட்டை அப்போது மாற்றலாம்.