சிவப்பு வண்டிக் குறிப்புகள்

மார்ச் 3
லாஸ் ஏஞ்சலஸில் பசிபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் சிவப்பு வண்டி, அதாவது மின்சார ரயில், ஊர்விட்டு ஊர் போனது. தண்டவாள அகலம் 1,435 மி.மீ. நகருக்குள் ஓடிய மஞ்சள் டிராமுக்கு 1,067. மெயின் ஸ்ட்ரீட்டில் இரண்டும் ஓடின. அங்கே மூன்று தண்டவாளம், ஒன்று பொது.

மார்ச் 5
இன்றும் போன் வரவில்லை.

மார்ச் 6
மண்டையில் தண்டவாள பாண்டுதான் (இணைப்புக் கம்பி) ஓடுகிறது. 600 வோல்ட் மேல் கம்பியில் வரும், தண்டவாளம் வழியே திரும்பும். ஃபிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகடு தண்டவாளத் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்; அதை நம்பிக் கரண்டை விட முடியாது. அதனால் ஒவ்வொரு இணைப்பையும் தாண்டி ஒரு செப்புக் கம்பி. அது அறுந்தாலும் வண்டி ஓடும், அதுதான் கேடு. 300 ஆம்பியர் இழுக்கும் வண்டிக்கு வழியில் 0.1 ஓம் கூடினால் 30 வோல்ட் போச்சு. விளக்கு மங்கும், இழுவை குறையும். வழிதவறிய கரண்ட் மண்ணில் இறங்கித் தண்ணீர்க் குழாயை அரிக்கும். தெருவில் கலக்காத தனிப்பாதையில் கம்பி கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். நகருக்குள் அது தாருக்கு அடியில். மூடப்போகிற தடத்துக்கு எவன் ரோட்டை உடைப்பான்?

மார்ச் 9
சிவப்பு வண்டியை ஒழித்தது கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ்தான் என்பார்கள். பழியெல்லாம் அவர்கள் தலையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் பணம் புழங்கிய குழுமம் 1945-இல் வாங்கியது மஞ்சள் டிராமை. சிவப்பு வண்டியின் பயணிகள் பிரிவு 1953-இல் மெட்ரோபாலிட்டன் கோச் லைன்ஸ் கைக்குப் போனது. அவர்கள் பஸ்காரர்கள்; ஹாலிவுட் தடத்தை 1954-இலும் கிளெண்டேல் தடத்தை 1955-இலும் மூடினார்கள். மிச்சத்தை மூடியது 1958-இல் பொறுப்பேற்ற அரசு அமைப்பு. லாங் பீச் 1961 ஏப்ரல் 9. மஞ்சள் டிராம் 1963 மார்ச் 31.

மார்ச் 10
தூக்கமில்லை.

மார்ச் 12
சிவப்பு வண்டிக்காக 1925-இல் திறந்த சுரங்கம், நீளம் ஏறக்குறைய ஒரு மைல். 1955-க்குப் பிறகு பிசிசி என்ற வகை டிராம் வண்டிகளை அதற்குள்ளேயே அடைத்தார்கள். 1940-இல் வாங்கிய 30 வண்டி! ஈரத்தில் கிடந்த மோட்டாருக்கு நேராக 600 வோல்ட் கொடுத்தால் காயிலின் இன்சுலேஷன் போய்விடும். முதலில் கார்பன் தூசியைத் துடைத்து, மெக்கர் என்ற இன்சுலேஷன் அளக்கும் கருவி வைத்து எர்த்துக்குப் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் மெதுவாகச் சூடேற்றிக் காயவைத்து, மறுபடி மெக்கர். கடைசியில் அவை அர்ஜென்டினா போயின. புவனோஸ் அயர்ஸின் உர்கிசா தடமும் 1,435. சக்கர இடைவெளியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஈரம் மட்டும் கூடவே போயிருக்கும்.

மார்ச் 13
போன் வந்தது. வேறு யாரோ.

மார்ச் 14
1990-இல் லாங் பீச்சுக்கு நீல வழித்தடம் என்ற புது மின்ரயில் வந்தபோது பெரும்பகுதி அதே பழைய தனிப்பாதைதான். 750 வோல்ட், பற்றவைத்த நீளத் தண்டவாளம். இணைப்பு குறைவு, பாண்டும் குறைவு. வாஷிங்டன் புல்வார்டு போன்ற இடங்களில் மறுபடி நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. இடப்பக்கம் திரும்புகிற கார்கள்தான் அங்கே தொல்லை.