பூட்டிய வீடுகள்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த 30 கேள்வித்தாள்களை மேசையில் பரப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கிராம மக்களிடையே மனச்சோர்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு. நான் களப்பணி மேற்பார்வையாளர். ஊரில் 210 வீடுகள். 1 முதல் 7 வரை சீட்டுப் போட்டதில் 4 வந்தது. அங்கிருந்து ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்: 4, 11, 18 என்று 207 வரை. தாள்களில் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, ஒரு கேள்விகூட விடுபடவில்லை. அதுதான் உறுத்தியது. அக்டோபர் மாதம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற நேரம். இரண்டே நாளில் முப்பது வீட்டிலும் ஆள் இருந்தார்களா?

களப்பணியாளர் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒன்பது வீடு பூட்டியிருந்துச்சுக்கா. பக்கத்து வீட்ல எடுத்துட்டேன். ஒரே தெருதானே, ஒரே மாதிரி ஜனங்கதானே?"

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. நாங்கள் முப்பது கேட்டோம், அவர் முப்பது கொண்டுவந்தார். பயிற்சியின்போது "பூட்டியிருந்தால் திரும்பப் போக வேண்டும்" என்று மட்டும் சொல்லி, ஏன் என்பதைச் சொல்லாமல் விட்டது நான்.

பகல் பதினொரு மணிக்குத் திறந்திருக்கும் வீட்டில் யார் இருப்பார்கள்? வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், உடம்பு முடியாதவர்கள். பூட்டிய வீட்டுக்காரர்கள் விடியும் முன்பே கூலிக்குப் போனவர்கள். கணவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, இங்கே எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கும் பெண்கள். எந்தச் சுமையை அளக்க வந்தோமோ அந்தச் சுமையே அந்தக் கதவைப் பூட்ட வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டால் மனச்சோர்வின் அளவு கூடுமா குறையுமா என்றுகூட முன்கூட்டிச் சொல்ல முடியாது. தவறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாத கணக்கை எதைக் கொண்டு திருத்துவது?

நிறையப் பேரைக் கேட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானவை திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். சீட்டு எட்டாதவர்களும் திருப்பி அனுப்பாதவர்களும் வேறு மாதிரி ஆட்களாக இருந்தார்கள்.

ஒன்பது வீட்டுக்கும் திரும்பப் போனோம், இந்த முறை நானும் கூடப் போனேன். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, ஒரு நாள் இரவு ஏழு மணிக்கு. 67-ஆம் வீட்டில் மூன்றாவது முறைதான் ஆள் கிடைத்தது. மாமனார், மாமியார், மருமகள் மூவரும் அப்போதுதான் கொல்லை வேலையிலிருந்து திரும்பியிருந்தார்கள். வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதையும் நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949-இல் வகுத்துக் கொடுத்த முறை அது: பெரியவர்களை வரிசையாக எழுதி, முன்பே அச்சிட்ட கட்டத்தைப் பார்த்தால் அது ஒருவரைக் காட்டும். கட்டம் மருமகளைக் காட்டியது.

"அவளுக்கு என்னம்மா தெரியும்? நான் சொல்றேன், எழுதிக்கோ" என்றார் மாமியார்.

"உங்க மருமக பேர்தான் சீட்டுல வந்திருக்கும்மா. நாங்களா மாத்தக் கூடாது."

சீட்டில் வந்தது என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குலுக்கல் சீட்டு நடக்கிற ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இப்படி இருந்ததா, சில நாட்களா, பாதி நாட்களுக்கு மேலா, அநேகமாக எல்லா நாளுமா என்று கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண். தூக்கம், அசதி, பசி வரை விரல்கள் நிற்கவில்லை. ஆறாவது கேள்வி, தன்னையே மட்டமாக நினைப்பது பற்றியது. கீரைக் காம்பு கையில் அப்படியே நின்றது. மாமியார் உள்ளே போகும் வரை காத்திருந்து, "தினமும்" என்றார். கூட்டிப் பார்த்தபோது, மனச்சோர்வு இருக்கலாம் என்று கருதப்படும் பத்தைத் தாண்டியிருந்தது. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இந்த வீட்டுக்குப் பதிலாக முதலில் எடுத்திருந்த பக்கத்து வீட்டுத் தாளை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். ஒரு பெரியவர். ஒன்பது கேள்விக்கும் பூஜ்யம்.

அதன்பின் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு குழுக்களை, தனித்தனி மாதிரிப் பட்டியலோடு அனுப்பினோம். புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் கணக்கெடுப்புகளில் கையாண்ட உத்தி. இரு குழுவின் விடைகளும் அதிகம் விலகினால், ஊரைச் சந்தேகிக்கும் முன் எங்கள் வேலையைச் சந்தேகிக்க வேண்டும்.

என் எம்.ஏ. ஆய்வுக்கு விடுதித் தோழிகள் அறுபது பேரைக் கேட்டுவிட்டு, தலைப்பில் 'தமிழ்நாட்டுப் பெண்கள்' என்று போட்டிருந்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. உளவியலில் இது பழைய பழக்கம். முன்னணி உளவியல் இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே கொண்ட மேற்கத்தியத் தொழில்நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-இல் ஹென்ரிச்சும் உடனாசிரியர்கள் இருவரும் எடுத்துக்காட்டினார்கள். அவர்களிலும் பெரும்பகுதி கல்லூரி மாணவர்கள். பாடப்புத்தகத்தில் 'மனித மனம்' என்று படித்ததில் எவ்வளவு அந்த வகுப்பறைகளின் மனம் என்ற கேள்வி எனக்கு இன்னும் ஓயவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து வேறொரு திட்டத்தில், மனச்சோர்வுள்ள தாய்மார்களுக்கு எட்டு வாரக் குழுக் கூட்டங்கள் உதவுமா என்று சோதித்தோம். முதற்கட்டச் சோதனையில் யாருக்கு எது என்பதைக் குலுக்கலே தீர்மானிக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு ஒட்டிய உறை. பிரித்தால் 'கூட்டம்' அல்லது 'வழக்கமான கவனிப்பு'. கூட்டத்தில் சேர்ந்தவர்களே ஆரம்பத்தில் கூடுதல் சோர்வோடு இருப்பதைக் கணக்கில் கண்டு விசாரித்தோம். உறை கொடுக்கும் களப்பணியாளர் சகோதரி ஒருவர் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறார். "அந்தப் பொண்ணு அழுதுச்சுக்கா. அதுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு எப்படிச் சொல்றது?"

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மிகவும் சோர்ந்திருக்கும் வேளையில் அளக்கப்பட்டவருக்கு, நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த அளவு சராசரியாகக் கொஞ்சம் இறங்கியே வரும். அப்படிப்பட்டவர்களை ஒரே பக்கம் சேர்த்தால் பயனில்லாத சிகிச்சையும் பயனுள்ளதாகத் தெரியும். நாளைக்கு ஆயிரம் பெண்களின் நேரமும் நம்பிக்கையும் அதில் போகும். அவர் இரக்கப்பட்ட அந்தப் பெண்ணைப் போன்றவர்கள்தான் அந்த ஆயிரம் பேரும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. பராந்தகன் காலத்துக் குடவோலை முறையில், குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவனைக் கொண்டுதான் ஓலையை எடுக்கச் சொல்லியிருக்கிறது. எடுப்பவருக்குத் தெரியாமலிருக்க வேண்டும் என்பதை அந்தச் சபை யோசித்து வைத்திருக்கிறது.

முழு ஆய்வில் உறைகளையே விட்டுவிட்டோம். ஒரே ஊரில் பாதிப் பேருக்குக் கூட்டம் நடத்தினால், அங்கே பேசியது மறுநாள் ரேஷன் கடை வரிசையில் மீதிப் பேருக்கும் போய்விடுகிறது. ஆகவே ஊர் ஊராகப் பிரித்தோம். அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே ஊர்க்காரர்கள் ஓரளவு ஒன்றுபோல இருப்பார்கள். இருபது பேர் இருபது தனித்தனிச் செய்தி தருவதில்லை. அந்த ஒற்றுமை, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரையான அளவில் 0.05 என்று சிறிதாக இருந்தாலே, ஊருக்கு 20 பேர் எனும்போது தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை 1.95 மடங்காகிறது. 240 பேர் போதும் என்றிருந்தது 468 ஆனது. 24 ஊர்களில் 480 பேரை எடுத்தோம்.

ஊராட்சி அலுவலகத்தில், ஊர்த் தலைவர்கள் முன்னிலையில் எவர்சில்வர் குடத்தில் 24 துண்டுச் சீட்டுகள். அங்கன்வாடிக் குழந்தை ஒன்று கைவிட்டுப் பன்னிரண்டை எடுத்தது.

பழைய தம்பியும் இந்தத் திட்டத்தில் இருந்தார். ஒரு நாள் இரவு எட்டரைக்குப் போன் வந்தது.

"அக்கா, 88-ஆம் வீடு மூணாவது தடவையும் பூட்டுதான். குடும்பத்தோட பெங்களூர் போயிட்டாங்களாம், பொங்கலுக்குத்தான் வருவாங்களாம். பக்கத்து வீட்டம்மா, 'நான் இருக்கேனே, என்கிட்ட கேளு'ன்னு கூப்பிட்டாங்க. வேண்டாம்மான்னு சொல்லிட்டேன். பூட்டுன்னே எழுதிடறேன்க்கா."