ரூபெல்லாவோடு பிறந்தவருக்கு 27 வயதில் மருத்துவமும் சான்றிதழும்: வேலூரில் அலைந்து தெரிந்துகொண்டவை

ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த காசு வீண். கர்ப்பத்தில் அம்மாவுக்கு வந்த ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) பிள்ளையைத் தாக்கியதா என்று 27 வயதில் ரத்தம் எடுத்துச் சொல்லவே முடியாது. ஒரு தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள், ரூபெல்லாவோடு பிறந்த என் தம்பிக்கு எடுத்தோம், ஐஜிஜி எதிர்ப்பொருள் பாசிட்டிவ். வளர்ந்த பிறகு ரூபெல்லா வந்து போயிருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும் இதே பாசிட்டிவ்தான் வரும். நெகட்டிவ் வந்திருந்தாலும் இல்லை என்று ஆகாது, சிலருக்கு அந்த எதிர்ப்பொருள் காலப்போக்கில் மறைந்துவிடும். புதுத் தொற்றைக் காட்டும் ஐஜிஎம் பேசுவது கைக்குழந்தைப் பருவத்தில் மட்டும். இன்னொரு இடத்தில் "இது ஒட்டுமா?" என்று நர்ஸம்மா தள்ளி நின்றார். பிறந்து ஓராண்டு வரைகூடக் குழந்தையிடமிருந்து கிருமி வெளியே வரலாம், உண்மைதான். இந்த வயதில் அந்தப் பேச்சே இல்லை.

ஆதாரம் என்பது பழைய காகிதம் மட்டும்தான். கண்புரை ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் எக்கோ ரிப்போர்ட், முதல் காது டெஸ்ட், பிறந்த எடை எழுதிய அட்டை. கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயத்தில் மூடாத குழாய் மூன்றும் ஒரே பிள்ளைக்கு இருந்து, அதற்குத் தேதி போட்ட காகிதமும் இருந்தால் பெரும்பாலும் போதும். எங்கள் ஆபரேஷன் சம்மரியில் 'பிறவிக் கண்புரை' என்று இருந்தது, ரூபெல்லா என்ற சொல்லே இல்லை. அதனால் 27 வருஷமாக ஒவ்வொரு டாக்டரும் தன் பங்கை மட்டும் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். குழந்தை நல வார்டை விட்டு வந்த பிறகு முழு ஆளைப் பார்க்க ஒரு டாக்டர் கிடையாது. பொது மருத்துவத்தில் ஒருவரைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, ரூபெல்லா என்ற சொல்லையும் போட்டு, கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். அலைந்ததில் உருப்படியாகக் கிடைத்தது இந்த ஒரு தாள்தான். பத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரிஜினலை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நாளில் அப்பாயின்ட்மென்ட் போட்டது எங்கள் தப்பு. பஸ் செலவு மிச்சம் என்று நினைத்தோம். கண்ணில் பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டே இருப்பது தெரியாது. காது கேட்காதவருக்குக் கண்தான் காது. சைகையும் தெரியாமல், வாயசைவும் தெரியாமல் தம்பி பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், காது டெஸ்டில் எதற்கும் பதில் இல்லை. காதை முதல் நாள் முடியுங்கள், கண்ணை வேறொரு நாள் வையுங்கள். ரூபெல்லா கண்ணில் பாப்பா சரியாக விரியாது, இரண்டு மூன்று தடவை மருந்து விடுவார்கள், அரை நாள் போய்விடும். சிஎம்சியில் காட்டுபவர்கள் சீட்டில் வளாகத்தின் பெயரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கண் ஆஸ்பத்திரி ஆரணி ரோட்டில் ஷெல் வளாகத்தில் இருக்கிறது, சில துறைகள் ரத்தினகிரி பக்கம் ராணிப்பேட்டை வளாகத்தில்.

கண்ணில் கேட்டு வாங்க வேண்டியது அழுத்தப் பரிசோதனை. குழந்தையில் புரை எடுத்த கண்ணுக்கு ஆயுசு முழுக்க அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு. வலிக்காது, சிவக்காது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். ஏற்கெனவே மங்கலாகப் பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. புரை எடுத்த கண்ணில் கருவிழி தடித்திருப்பது சகஜம், அப்போது அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் கருவிழித் தடிமனையும் அளந்து சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கண் ஆடிக்கொண்டே இருந்தால் ஸ்கேன் தெளிவாக வராது, நரம்பை போட்டோ எடுத்து வைத்தால் அடுத்த வருஷம் ஒப்பிடலாம்.

காதுக்குப் போகும் முன் அழுக்கு எடுத்துவிடுங்கள். ஒரு நடை இதனால் போனது: "காது அடைச்சிருக்கு சார், சொட்டு மருந்து விட்டு அடுத்த வாரம் வாங்க." ஹெட்போன் டெஸ்டில் நம்பும்படி பதில் வராவிட்டால் பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பு தரும் பதிலைத் தலையில் வயர் ஒட்டி அளப்பது) கேளுங்கள். ஆடாமல் படுத்திருந்தால் போதும், தூங்கினால் இன்னும் நல்லது.

இதயம் சுலபமாக முடிந்தது. குழாயைக் கருவி வைத்து அடைத்திருந்தால் அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், எம்ஆர்ஐ எடுக்கும்போது கேட்பார்கள்.

யாரும் சொல்லாத ஒன்று சர்க்கரையும் தைராய்டும். ரூபெல்லாவோடு பிறந்தவர்களுக்கு இவை இரண்டும் பிற்பாடு வருவது அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டுக்கு டிஎஸ்எச் எடுத்துவிடுங்கள். தாகமாக இருக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று இவர்கள் சொல்லமாட்டார்கள். சொம்பு எத்தனை தடவை காலியாகிறது, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று வீட்டில்தான் கவனிக்க வேண்டும்.

இனி சான்றிதழ். நாங்கள் ஆற்காடு. 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஊர் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது, ஆதாரில் மட்டும் இன்னும் வேலூர். யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பம் ஆதார் முகவரியைப் பிடித்துக்கொண்டு போனது. காலையில் வரிசையில் நின்று முன்னால் போனதும் கவுண்டரில் இருந்தவர் சொன்னார், "உங்க ஊர் இங்க வராதும்மா, அந்த மாவட்டத்துல போய்க் கேளுங்க." அவரும் என்ன செய்வார்? முதலில் ஆதாரைத் திருத்திவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.

அடுத்த பள்ளம், விண்ணப்பத்தில் குறைபாட்டின் வகை. கம்ப்யூட்டர் சென்டரில் அவசரமாகக் காது கேளாமை என்று மட்டும் தட்டிவிட்டார்கள். அப்படிப் போனால் சதவீதம் போடும் மருத்துவ வாரியத்தில் கண்ணைப் பார்க்கவே மாட்டார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பல்வகைக் குறைபாடும் ஒன்று, காதும் கண்ணும் சேர்ந்தது அதில்தான் வரும். இரண்டு சதவீதங்களை அப்படியே கூட்டவும் மாட்டார்கள். பெரியதை 90ல் கழித்து, மீதியைச் சிறியதால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரியதோடு சேர்ப்பார்கள். காது 60, கண் 40 என்றால் 30ஐ 40ஆல் பெருக்கி 90ஆல் வகுக்க 13, மொத்தம் 73. காது மட்டும் என்று போயிருந்தால் 60லேயே நின்றிருக்கும். இரண்டுக்கும் மஞ்சள் அட்டைதான், 80ஐத் தொட்டால்தான் நீலம். மனு கொடுத்து, வகையை மாற்றி, இரண்டு டாக்டர்களிடமும் மறுபடி காட்டியதில் ஒரு மாசம் போனது. சமர்ப்பிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி அந்த ஒரு கட்டத்தை நீங்களே படித்துவிடுங்கள்.