ஒற்றை ஸ்டாரும் ஐஸ் பெட்டி மீனும்

ஜூன் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி பதினொன்று இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் ஒருமுறை சத்தம் கொடுத்தது. கூகுள் மேப்பில் கடைக்குப் புது ரிவ்யூ, ஒரே ஒரு ஸ்டார்.

"மீன் பழசு. ரெண்டு துண்டு நெய்மீன் வறுவலுக்கு 640 ரூபாய் பில். கேட்டால் சைஸுக்குத் தகுந்த விலையாம். டூரிஸ்ட் என்றால் தலையில் மிளகாய் அரைக்கிற கடை."

கொட்டாரம் பக்கம், கன்னியாகுமரி ரோட்டில் எட்டு மேசை போட்ட மீன் சாப்பாட்டுக் கடை எனக்கு. ஆறு வருஷமாகிறது. அடுப்படி மனைவி பொறுப்பு, மீன் எடுப்பதும் கல்லாவும் என் பொறுப்பு. அதுவரை 41 பேர் ஸ்டார் போட்டு 4.6இல் நின்றிருந்தது கடை. அந்த எண்ணின் மேல் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. குழம்பில் புளி ஏறினால் கல்லாவுக்கு வந்து "என்ன வோய், இன்னைக்கு கைதவறிப் போச்சா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போவார்கள், மறுநாளும் வருவார்கள். வெளியூர்க்காரர் அப்படியில்லை. இலையை மடக்கிவிட்டுப் பேசாமல் காசு கொடுப்பார், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வள்ளியூர் தாண்டுவதற்குள் எழுதிவிடுவார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மேசை நன்றாக நினைவிருந்தது. நின்ற நிலையிலேயே பதில் தட்டினேன்: "பழைய மீனை முள்ளுகூட மிச்சம் வைக்காமல் தின்றது யார் சார்?" அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

உரிமையாளர் பதில் போட்டால் எழுதியவருக்கு அறிவிப்பு போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யார் யாருக்கோ அனுப்பியிருக்க வேண்டும். அடுத்த இரண்டு நாளில் இன்னும் மூன்று ஒற்றை ஸ்டார் விழுந்தன. ஒன்றில் எழுத்தே இல்லை. இன்னொன்றில் என் அம்மாவை இழுத்திருந்தான். மூன்றாவது, "பிரியாணி கேவலம்" என்றது. எங்கள் கடையில் பிரியாணி போட்டதே கிடையாது! 4.6 போய் 4.3 ஆகிவிட்டது. பழைய இடத்துக்கு வர எத்தனை ஐந்து ஸ்டார் வேண்டும் என்று பில் புக்கின் பின்னால் கணக்குப் போட்டேன். இடையில் ஒரு குறையும் வராமல் வரிசையாக 29 பேர் ஐந்து போட வேண்டும். 41 சேரவே வருஷக்கணக்கு ஆயிற்று.

நல்ல வேளை, அக்கா மகள் இருக்கிறாள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை, வாராவாரம் ஊருக்கு வருவாள். இரண்டு வருஷத்துக்கு முன் கடை போர்டு, ரோடு, ஷட்டர் திறப்பது, அடுப்படி என்று ஒரே மூச்சில் வீடியோ எடுத்து கூகுளுக்கு அனுப்பி, கடையை என் பெயரில் உறுதிப்படுத்திக் கொடுத்ததும் அவள்தான். சனிக்கிழமை வந்ததும் போனை வாங்கிப் படித்தாள். என் பதிலைப் பார்த்துச் சிரித்தாள், அப்புறம் முகம் மாறியது.

"மாமா, இத முதல்ல எடுங்க."

ரிவ்யூவை நாம் அழிக்க முடியாது, நம் பதிலை அழிக்கலாம், மாற்றியும் எழுதலாம். அழித்தேன். ஸ்கிரீன்ஷாட் எங்கெங்கே சுற்றியதோ, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

அப்புறம் ரிப்போர்ட் வேலை. ஒவ்வொரு ரிவ்யூ பக்கத்திலும் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டால் எந்தக் காரணத்துக்காகப் புகார் என்று ஒரு பட்டியல் வரும். 'எனக்குப் பிடிக்கவில்லை', 'பொய் சொல்கிறார்' என்பதெல்லாம் அங்கே எடுபடாது. வாடிக்கையாளர் சொல்வது சரியா, கடைக்காரர் சொல்வது சரியா என்ற பஞ்சாயத்துக்கு கூகுள் வராது. கெட்ட வார்த்தை, போலி, சம்பந்தமில்லாதது, போட்டிக் கடைக்காரர் எழுதியது, இப்படி அவர்கள் விதியை மீறியிருந்தால்தான் தூக்குவார்கள். அம்மாவை இழுத்தது மூன்றாம் நாளே போய்விட்டது. பிரியாணிக்கு 'விதிமீறல் இல்லை' என்று பதில் வந்தது. ஒருமுறை அப்பீல் செய்யலாம் என்று அவள் எங்கள் மெனு அட்டையைப் படம் எடுத்து, அந்தக் கணக்கிலிருந்து அது ஒன்றுதான் ரிவ்யூ என்பதையும் எழுதி அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து அதுவும் போயிற்று. எழுத்தில்லாத ஒற்றை ஸ்டார் மட்டும் அசையவில்லை. எழுத்தே இல்லாதபோது எதைக் காட்டிக் குறை சொல்வது? இன்றும் இருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு போன் வந்தது. 'ஆன்லைன் மார்க்கெட்டிங்' என்றான் ஒருவன். ஒரு ரிவ்யூவைத் தூக்க 3,000, ஐம்பது ஐந்து ஸ்டார் போட 7,500. உண்மையைச் சொல்கிறேன், கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். என் பையன் வேறு, கூட்டாளிகளை வைத்து ஓசியிலேயே போட்டுவிடலாம் என்று நின்றான். இரண்டுக்கும் அக்கா மகள் குறுக்கே விழுந்தாள். காசு கொடுத்து வாங்கியது தெரிந்தால் கூகுள் அவற்றை அழிப்பதோடு, கொஞ்ச காலம் புது ரிவ்யூவே வாங்க முடியாமல் நிறுத்தி வைக்கலாம், போலி ரிவ்யூ நீக்கப்பட்டது என்று கடைப் பக்கத்திலேயே எழுதியும் வைக்கலாம். ரிவ்யூ போட்டால் ஒரு பாயசம் இலவசம் என்பதும் கூடாதாம். பாயசம் என் யோசனைதான், அதுவும் போயிற்று.

இதெல்லாம் போலி ரிவ்யூக்களின் கதை. முதல் ரிவ்யூ அப்படியேதான் நின்றது. அதையும் ரிப்போர்ட் பண்ணு என்றேன்.

"அவரு சாப்பிட்டாருல்லா மாமா? அப்ப அது அவரு அனுபவம்" என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அவரு சொன்னதுல என்ன தப்பு? அன்னைக்கு அந்த மீன நம்ம பிள்ளைகளுக்கு நான் வைக்கல்லியே."

எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் முதல் இரண்டு வாரம் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சங்கடம். கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, சின்னமுட்டத்து விசைப்படகுகள் கரையில் நிற்கும். மேற்கே குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நடுவில் அந்தப் பதினான்கு நாள் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது. வள்ளத்தில் கொஞ்சம் சாளையும் நெத்தலியும் வரும், அதுவும் மழைக்கடலைப் பொறுத்து. நெய்மீன் வேண்டுமென்றால் ஐஸ் பெட்டிதான், விலையும் எகிறிவிடும். ஐஸ் மீன் விஷமில்லை, சாப்பிடலாம். ஆனால் காலைக் கரை மீனின் கெட்டித்தன்மை அதில் இருக்காது, மசாலாவைக் கூட்டிப் போட்டு மறைப்போம். மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும், அதனால் அந்த நாட்களில் நெய்மீன் கேட்கமாட்டார்கள். வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. விலையும் சொல்லவில்லை. கடை தொடங்கிய புதிதில் மசாலா தடவிய மீன்களைத் தட்டோடு மேசைக்குக் கொண்டுபோய்க் காட்டி, இது இத்தனை என்று சொல்லித்தான் பொரிப்போம். கூட்டம் கூடக் கூட அந்தப் பழக்கம் எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை.

பதிலை அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு ஒரு பக்கம். அக்கா மகள் பேனாவை எடுத்து ஒவ்வொரு 'ஆனால்' தலையிலும் வட்டம் போட்டாள். நான்கு இருந்தன. "இந்த நாலையும் எடுத்துட்டு மிச்சம் என்ன இருக்கோ அதப் போடுங்க. அவரு மட்டும் படிக்கப்போறதில்ல, இனி கடைக்கு வரப்போறவங்களும் இதத்தான் பாப்பாங்க." எடுத்தபின் இவ்வளவுதான் மிஞ்சியது:

"வணக்கம் சார். நீங்கள் வந்த வாரம் இரண்டு கடலிலும் தடைக்காலம். உங்களுக்குத் தந்தது ஐஸ் பெட்டி நெய்மீன். அதை முன்னால் சொல்லாததும், துண்டு 320 ரூபாய் என்று சொல்லாமல் பொரித்ததும் என் தப்பு. முதலில் நான் எழுதிய பதில் கோபத்தில் எழுதியது, மன்னிக்கவும். இன்றைய மீன், எங்கே வந்தது, விலை மூன்றையும் இப்போது போர்டில் எழுதுகிறோம். தொகையைத் திருப்பித் தர விரும்புகிறேன், கடை எண்ணுக்குக் கூப்பிடுங்கள்."

போடும்போது போர்டு இன்னும் வரவில்லை. எழுதிவிட்டோமே என்று மறுநாள் காலையிலேயே நாகர்கோவிலுக்குப் போய்க் கரும்பலகை வாங்கினேன்.

அவர் கூப்பிடவில்லை. ரிவ்யூவையும் மாற்றவில்லை. முதல் ஒரு மாதம் தினமும் பார்ப்பேன், அப்புறம் விட்டுவிட்டேன். கல்லாவில் கியூஆர் ஒட்டியிருக்கிறோம், விருப்பமுள்ளவர் போடுகிறார், சாப்பாடு பிடிக்காதவரும் போடுகிறார். இப்போது 4.4. ஒருவர் இரண்டு ஸ்டார் கொடுத்து "சோறு சிவப்பா குண்டா இருக்கு, எல்லாத்திலும் தேங்காய் எண்ணெய் வாசம்" என்று எழுதினார். கை துறுதுறுத்தது. இங்கே அரிசியும் எண்ணெயும் அப்படித்தான், வெள்ளைச் சோறும் உண்டு, அடுத்த முறை கேளுங்கள் என்று எழுதினேன். கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருக்கும் கூட்டாளிக்கு, மேகம் மூடி சூரிய உதயம் தெரியவில்லை என்று ஒரு ஸ்டார் விழுந்திருக்கிறது. அதற்கு அவன் என்ன பதில் எழுதுவான், பாவம்.

அக்டோபரில் ஒரு மதிய நேரம். மதுரைக் குடும்பம், ஐந்து பேர். உட்கார்ந்ததும் அந்த மனிதர் போனை மேசையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இன்னைக்கு எது ஐஸ், எது கரை மீன்?" என்று கேட்டார். ரிவ்யூ பக்கம் திறந்திருந்தது.

"நெய்மீன் ஐஸ் சார். விளமீன் காலையில குளச்சல்ல எடுத்தது, துண்டு 180."

"அப்ப விளமீன்" என்றார். "தட்டைக் கொண்டாந்து காட்டுவீங்களா?" என்றார் அவர் மனைவி.

எடுத்துவர உள்ளே போனேன்.