பிழைச்செய்தியை மொழிபெயர்ப்பதற்கு முன்

மென்பொருளின் பொத்தான்களையும் பட்டிகளையும் மொழிபெயர்ப்பதைவிடப் பிழைச்செய்திகளை மொழிபெயர்ப்பது கடினம் என்பது என் கருத்து. பொத்தானின் பெயர் சற்றுப் பிசகினாலும் அது இருக்கும் இடத்தைக் கொண்டு பயனர் ஊகித்துக்கொள்வார். பிழைச்செய்தியோ, வேலை நின்றுபோன வேளையில், வேறு துணை எதுவும் இல்லாதவர்முன் வந்து நிற்கிறது.

லினக்ஸ் உலகில் இத்தகைய செய்திகள் பெரும்பாலும் குனு கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுதி வழியாகவே மொழிபெயர்க்கப்படுகின்றன. நிரலில் உள்ள ஆங்கிலச் சரங்களை, அதாவது திரையில் காட்டவேண்டிய எழுத்துத் தொடர்களை, பிஓ என்ற வகைக் கோப்பொன்றில் திரட்டித் தருகிறார்கள்; ஒவ்வொன்றின் கீழும் மொழிபெயர்ப்பாளர் தம் வரியை எழுதுகிறார். அந்தச் சரம் எப்போது திரையில் தோன்றும், அதன் நிரப்பிடத்தில் (நிரல் இயங்கும்போது ஒரு மதிப்பை இட்டு நிரப்பும் இடத்தில்) வரப்போவது கோப்பின் பெயரா பயனரின் பெயரா என்பதெல்லாம், நிரலர் குறிப்பு எழுதி வைத்தாலன்றி அவருக்குத் தெரியாது.

வாக்கியத்தைத் துண்டுகளாக வைத்துக்கொண்டு நிரல் இயங்கும்போது ஒட்டும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் பெருந்தொல்லை. திறக்க முடியவில்லை என்று பொருள்படும் துண்டு முன்னும் கோப்பின் பெயர் பின்னுமாக ஒட்டினால் ஆங்கிலத்தில் வாக்கியம் நிறைவுபெறும். வினை இறுதியில் வரும் தமிழிலும் ஜப்பானியத்திலும் அது தலைகீழாகிவிடும். முழு வாக்கியமும் ஒரே சரமாக இருந்தால், நிரப்பிடங்களுக்கு எண்ணிட்டு வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் தமிழில் வேற்றுமை உருபு மிஞ்சுகிறது. வரப்போகும் பெயர் இன்னதென்று தெரியாமல் அதனோடு 'ஐ' உருபை ஒட்டினால் புணர்ச்சி பிழைபடும் என்பதால், 'என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று எழுதி, உருபை நமக்குத் தெரிந்த சொல்லின்மீது ஏற்றிவிடுவதே பாதுகாப்பானது. (வரி நீள்கிறது, பெட்டிக்குள் அடங்கவில்லை என்று முறையிடும் வடிவமைப்பாளர்களுக்கு என்னிடம் அதிக இரக்கம் இல்லை.) எண்ணிக்கையைச் சொல்லும் செய்திகளுக்குத் தமிழில் 2 வடிவங்கள், ஜப்பானியத்தில் 1, அரபியில் 6 உண்டு; பன்மைக்குரிய செயற்கூறை நிரலர் அழைத்திருந்தால் கெட்டெக்ஸ்ட் இவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மொழிபெயர்த்த செய்தியை இணையத்தில் தேடினால் தீர்வு கிடைப்பதில்லை, ஆகவே பிழைச்செய்தியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம் என்று சிலர் வாதிடுவர். தேடல் பற்றிய குறை உண்மைதான்; செய்திகளின் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் (LC_ALL) என்ற சூழல் மாறியில் சி (C) என்று இட்டு ஆங்கிலச் செய்தியை வரவழைத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்கான தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஓஆர்ஏ-00942 என்ற குறியீடு, செய்தி எம்மொழியில் வந்தாலும், கேட்ட அட்டவணை இல்லை என்பதை உணர்த்திவிடும். லினக்ஸின் மையப்பகுதியான கருனியும் கோப்பு இல்லாவிட்டால் 2, அனுமதி மறுக்கப்பட்டால் 13 என்று எண்ணையே தருகிறது. அதைச் சொற்களாக்கும் கருவிகள் பலவும் எண்ணைக் காட்டாமல் விட்டுவிடுகின்றன. மொழிபெயர்ப்புக்குச் சரங்களைத் திரட்டுமுன் நிரலர்கள் அந்த எண்ணைச் செய்தியோடு சேர்க்க வேண்டும். திரையில் பயனரின் மொழி இருக்கட்டும், பராமரிப்பவர் படிக்கும் பதிவுக்கோப்பில் மூலச்செய்தி அப்படியே பதியட்டும்.